கோவாலாவும் துருவமான் பாசியும்

கோவாலா, ஆஸ்திரேலியாவின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் யூகலிப்டஸ் மரங்களில் வாழும் வயிற்றுப்பைப் பாலூட்டி. துருவமான் பாசி, வடதுருவத்தை ஒட்டிய காடுகளிலும் தூந்திரச் சமவெளிகளிலும் மண்மீது வளரும் லைக்கன். இரண்டுமே தவறான பெயரைச் சுமப்பவை. ‘கோவாலாக் கரடி’ கரடி அன்று, வொம்பாட்டின் உறவு. துருவமான் பாசியும் தனிப் பாசி அன்று. பூஞ்சை இழைகளுக்குள் பச்சைப்பாசி செல்கள் குடியிருக்கும் கூட்டுடல். செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்குப் போடும் கல்பாசியும் இந்த வகைதான்.

விலங்கையும் லைக்கனையும் ஒப்பிடுவது வலிந்து செய்வதாகத் தோன்றலாம். ஆனால் சத்துக் குறைந்த இடத்தில் நுண்ணுயிர்த் துணையோடு மெதுவாக வாழ்வதில் இவை நெருங்கி வருகின்றன.

யூகலிப்டஸ் இலையில் புரதம் குறைவு, நாரும் நச்சும் மிகுதி. நச்சைக் கோவாலாவின் கல்லீரல் முறிக்கிறது. நாரை, பெருங்குடலின் தொடக்கத்தில் ஏறக்குறைய 2 மீட்டர் நீளமுள்ள குடற்பையில் பாக்டீரியாக்கள் நொதிக்க வைக்கின்றன. இந்தப் பாக்டீரியாக்கள் குட்டிக்குப் பிறவியிலேயே கிடைப்பதில்லை. ஒரு கிராம்கூட இல்லாமல் பிறந்து, பைக்குள் ஆறு மாதம்போலப் பால் குடித்து வளரும் குட்டி, ஒரு கட்டத்தில் தலையை வெளியே நீட்டித் தாயின் குடற்பையிலிருந்து வரும் கூழ் போன்ற கழிவைத் தின்கிறது. முதல் இலையைக் கடிக்கும் முன்பே, அதைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதன் வயிற்றுக்குள் வந்துவிடுகின்றன. தாய்மையில் இதைவிட வியப்பான ஏற்பாடு அரிது.

லைக்கனில் பச்சைப்பாசி வெயிலில் சர்க்கரை சமைக்க, பூஞ்சை அதை உண்டு, பாசிக்கு ஈரமும் மறைப்பும் தருகிறது. வேர் கிடையாது. காய்ந்திருக்கும்போது மிதித்தால் அப்பளம்போல நொறுங்கும். மழை பட்டால் சற்று நேரத்தில் பஞ்சாக மிருதுவாகும். உடைந்த துண்டும் தனியே வளரும். வறட்சியில் இயக்கத்தை நிறுத்திக் காத்திருக்க லைக்கனால் முடியும். கோவாலாவுக்கு அந்த வசதி இல்லை. நாளில் 20 மணி நேரம்வரை தூங்கினாலும் இலை தின்றே ஆகவேண்டும். காடழிப்பும் நோயும் காட்டுத்தீயும் நெருக்க, குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியத் தலைநகர்ப் பகுதி ஆகிய இடங்களின் கோவாலாக்கள் 2022இல் அழியும் நிலையில் உள்ளவையாக அறிவிக்கப்பட்டன.

துருவமான் பாசி ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். துருவமான்கள் மேய்ந்து தீர்த்த நிலம் மீளப் பல பத்தாண்டுகள் ஆகும். காற்றிலும் மழையிலும் வருவதையெல்லாம் உறிஞ்சும் இயல்பே அதற்கு வினையானது. 1986இல் செர்னோபில் அணுவுலை வெடித்தபின் சீசியம்-137 அதில் தேங்கியது. பனியடியில் அந்த லைக்கனை மோந்து கண்டு மேய்ந்த துருவமான்களின் இறைச்சியை விற்க முடியாமல், நார்வே, சுவீடன் நாடுகளில் துருவமான் மேய்க்கும் சாமி மக்கள் தவித்தனர். கதிரியக்கம் குறைய, மான்களுக்கு மாற்றுத் தீவனம் போட்டு வளர்க்க வேண்டியதாயிற்று.