சிறு நிறுமம் என்னும் அளவுகோலில் விடுபட்ட கடன்

ஆண்டுக் கணக்குகள் தொடர்பான கடமைகளை, நிறுமத்தின் அளவைப் பார்த்துக் கூட்டியும் குறைத்தும் விதிக்கிறது இந்திய நிறுமச் சட்டம், 2013. அது நியாயமே. ஆனால் அளவை எதைக் கொண்டு அளப்பது? பிரிவு 2(85) இரண்டே எண்களைக் கேட்கிறது: செலுத்தப்பட்ட பங்கு மூலதனம், முந்தைய நிதியாண்டின் விற்றுமுதல். முதலில் 50 இலட்சம், 2 கோடி ரூபாய் என்றிருந்த உச்சவரம்பு 2021இல் 2 கோடி, 20 கோடி எனவும், 2022இல் 4 கோடி, 40 கோடி எனவும், 2025 டிசம்பரில் 10 கோடி, 100 கோடி எனவும் உயர்ந்தது. இத்தனை திருத்தங்களிலும் கடன் கணக்கில் வரவேயில்லை. வரம்பின் உயரத்தைவிட இதையே பெரிய குறையாகக் கருதுகிறேன்.

பங்கு மூலதனம் உரிமையாளர் விரும்பியபடி வைத்துக்கொள்ளும் எண். குறைந்தபட்சம் ஒரு இலட்சம் வேண்டும் என்ற நிபந்தனையையும் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. குடும்ப நிறுமங்களில் இயக்குநர்கள் தம் பணத்தைப் பங்காகப் போடாமல் கடனாகப் போடுவது சாதாரண வழக்கம். வெளி முதலீட்டாளர் பல கோடி தந்தாலும் அதில் பெரும்பகுதி பத்திர முனைமமாகக் காப்பில் சேர்ந்துவிடும். செலுத்தப்பட்ட மூலதனம் சில இலட்சங்களிலேயே நிற்கும்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுமத்தைக் கற்பனை செய்வோம். பங்கு மூலதனம் 10 இலட்சம், விற்றுமுதல் 90 கோடி, வங்கிக் கடன் 40 கோடி. வேறொரு நிறுமத்தின் தாய் நிறுமமாகவோ துணை நிறுமமாகவோ இல்லாத தனியார் நிறுமம் என்றால், சட்டத்தின் கண்ணில் இது சிறு நிறுமம். பிரிவு 2(40)இன்படி ரொக்க ஓட்ட அறிக்கை தர வேண்டியதில்லை. நூலுக்கும் சாயப்பட்டறைக்கும் கூலிக்கும் இன்றே பணம் போகிறது. அயல்நாட்டு வாங்குநரின் பணமோ மாதங்கள் கழித்து வருகிறது. இலாப நட்டக் கணக்கு இலாபம் காட்டும் ஆண்டிலேயே இத்தகைய தொழில் முடங்கலாம். அதை முன்கூட்டிக் காட்டக்கூடிய அறிக்கைக்குத்தான் விலக்கு.

கடனின் முக்கியத்துவத்தைச் சட்டம் அறியாமலில்லை. நிதி அறிக்கையிடல் மீதான உள்கட்டுப்பாடுகள் பற்றித் தணிக்கையாளர் கருத்துரைப்பதிலிருந்து 2017ஆம் ஆண்டு அறிவிக்கை விலக்குத் தந்தபோது, விற்றுமுதல் 50 கோடிக்கும், கடன் 25 கோடிக்கும் கீழே இருக்க வேண்டும் என்றது. ‘காரோ 2020’ என்று தணிக்கையாளர்கள் அழைக்கும் ஆணை, தனியார் நிறுமத்துக்கு விலக்களிக்க வைத்த நிபந்தனைகளில் ஒன்று கடன் ஒரு கோடியைத் தாண்டக்கூடாது என்பது. ஆனால் இரண்டிலும் சிறு நிறுமத்துக்குத் தனி வாசல் உண்டு. அங்கே கடனைப் பற்றிய கேள்வி இல்லை. 100 கோடி விற்றுமுதல்வரை அந்த வாசலைத் திறந்தபின் அவ்விரு கடன் வரம்புகளும் பெரும்பாலும் பயனற்றுப்போயின. நம் திருப்பூர் நிறுமம் கடன் தவணை தவறியதா, ஓராண்டுக்குள் தீர்க்க வேண்டியவற்றைத் தீர்க்க வல்லதா என்று காரோ கேட்கும் கேள்விகள் அதனிடம் கேட்கப்படுவதே இல்லை.

வங்கி தனக்கு வேண்டிய விவரத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும் என்பது வலுவான மறுப்பு. மாதந்தோறும் சரக்கிருப்புப் பட்டியல் வங்கிக்குப் போகிறது என்பது உண்மையே. ஆனால் கடனுக்கு நூல் தரும் வணிகருக்கு அந்த அதிகாரம் கிடையாது. நிறுமப் பதிவாளரிடம் தாக்கலாகும் கணக்கைக் கட்டணம் செலுத்திப் பார்ப்பதே அவருக்குள்ள வழி. வெளியிடப்படும் கணக்கு முதன்மையாக அவருக்கானது.

பிரிட்டனின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் விற்றுமுதல், மொத்தச் சொத்து, ஊழியர் எண்ணிக்கை ஆகிய மூன்றில் இரண்டைப் பார்க்கிறது. சிறு நிறுமத்துக்கு 2025 ஏப்ரல் 6 முதல் இவை 1.5 கோடி பவுண்டு, 75 இலட்சம் பவுண்டு, 50 பேர். கடனில் வாங்கிய எந்திரமும் சரக்கும் மொத்தச் சொத்தில் வந்துவிடுவதால், கடன் சுற்றுவழியிலாவது அளவுக்குள் வருகிறது.

நமக்கு அவ்வளவு மாற்றம்கூட வேண்டாம். 2017ஆம் ஆண்டு அறிவிக்கையில் ஏற்கெனவே உள்ள 25 கோடிக் கடன் வரம்பைப் பிரிவு 2(85)இல் மூன்றாவது நிபந்தனையாகச் சேர்த்தால் போதும். செலவு கூடும் என்ற அச்சத்துக்கும் பெரிய இடமில்லை: மறைமுக முறையில் ரொக்க ஓட்ட அறிக்கையைத் தயாரிக்கத் தேவையான எண்களில் பெரும்பாலானவை இரண்டு ஆண்டுகளின் இருப்புநிலைக் குறிப்புகளிலும் இலாப நட்டக் கணக்கிலும் ஏற்கெனவே இருக்கின்றன.