ஏரிக்கரையில் ஒரு டம்ளர் தண்ணீர்: முகாம் சுகாதாரத்தின் வரலாறு

போரோ பேரிடரோ விரட்ட, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்து சேரும் மக்கள் கூடும் முகாமில், முதல் வாரங்களில் வயிற்றுப்போக்கு பெரும் உயிர்க்கொல்லி. அதைத் தடுக்கக் குடிநீர், கழிப்பறை, கை கழுவும் பழக்கம் மூன்றும் சேர்ந்தே வேண்டும். கிணறு வெட்டிவிட்டுக் கழிப்பறையை விட்டுவிட்டால் கிணற்று நீரே நோயைப் பரப்பும். கழிப்பறை கட்டிவிட்டுச் சோப்பைக் கொடுக்காவிட்டால் கை வழியே கிருமி வாய்க்குப் போகும். நிவாரணத் துறையினர் இம்மூன்றையும் சேர்த்து 'வாஷ்' என்கின்றனர். இவற்றைப் பல நிறுவனங்கள் பங்கிட்டுச் செய்யும்போது முழுமைக்கும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை காண நெடுங்காலம் ஆனது.

1971-இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடி பேர் இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்க எல்லையை ஒட்டிய போங்காவ் முகாம் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையிலும் கிடத்தப்பட்டிருந்தனர். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் நீரில் கரைத்து, குழாய் வைத்த டிரம்களில் நிரப்பி வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதைப் பிடித்துப் புகட்டினர். அங்கு 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. காலரா வந்தவரைப் பிழைக்கவைக்கும் எளிய வழி இப்படி முகாமிலேயே உறுதிப்பட்டது. வராமல் தடுக்கும் வேலையோ பின்தங்கியே இருந்தது.

அதன் விலை 1994-இல் தெரிந்தது. ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையின் முடிவில், அந்த ஆண்டு ஜூலை நடுவில், சில நாட்களுக்குள் 5 லட்சத்திலிருந்து 8 லட்சம் பேர் வரை எல்லை தாண்டி அன்றைய ஜயரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமா நகர்ப்பகுதிக்கு வந்தனர். நகரை ஒட்டியே கிவு என்ற பெரிய ஏரி இருந்தது. மக்கள் அதிலேயே குடித்தனர், குளித்தனர், அதன் கரையிலேயே மலம் கழித்தனர். நிலமோ எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. கழிப்பறைக் குழியும் தோண்ட முடியவில்லை, இறந்தோருக்குப் புதைகுழியும் தோண்ட முடியவில்லை. ஏரியிலிருந்து தள்ளி அமைந்த கிபும்பா முகாமில் நீர்நிலையே இல்லை. டேங்கர் லாரி வந்தால்தான் தண்ணீர். முதல் வாரத்தில் சுத்திகரித்த நீர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 200 மில்லிதான் கிடைத்தது: ஒரு டம்ளர். ஜூலை 20-ஆம் நாள் காலரா உறுதியானது. பின்னாலேயே சீதபேதியும் வந்தது. முதல் மாதத்தில் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தனர்.

தண்ணீர் கண்ணெதிரே இருந்தும் அதைச் சுத்திகரிக்கும் கருவியும், ஏற்றிவரும் லாரியும், கழிப்பறைக்கு இடம் ஒதுக்கும் ஆளும் உரிய நேரத்தில் ஓரிடத்தில் சேரவில்லை. தொண்டு நிறுவனங்கள் நூற்றுக்கும் மேல் வந்திறங்கின. அனுபவம் உள்ளவையும் இல்லாதவையும் அவற்றில் கலந்திருந்தன. பல நாடுகள் சேர்ந்து நடத்திய மதிப்பீடு 1996-இல் வெளிவந்தபோது, நிவாரணப் பணியின் தரமும் ஒருங்கிணைப்பும் கடுமையாக விமர்சிக்கப்பட்டன.

இந்த விமர்சனம் தந்த உந்துதலில் தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் 1997-இல் 'ஸ்பியர்' திட்டத்தைத் தொடங்கின. அதன் கையேட்டின் முதல் முழுப் பதிப்பு 2000-இல் வந்தது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர், வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் குழாய், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்று அளவுகள் எழுத்தில் வந்தன. ஒரு குழாய்க்கு 250 பேர் என்பதும் அவற்றில் ஒன்று. நிமிடத்துக்கு 7.5 லிட்டர் கொட்டும் குழாய் எட்டு மணி நேரம் ஓடினால் 3,600 லிட்டர் கிடைக்கும். 250 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 15 லிட்டரை நெருங்கும். நீரின் அழுத்தம் குறைந்தாலோ அரை நாள் குழாய் நின்றாலோ இந்தக் கணக்கு உடைந்துவிடும்.

அளவு கிடைத்தது, பொறுப்பாளர் கிடைக்கவில்லை. 2004-இல் சூடானின் டார்ஃபூரில் லட்சக்கணக்கானோர் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தபோது உதவி தாமதமாகவும் ஏறுமாறாகவும் சென்றது. அந்த ஆண்டு டிசம்பர் 26-இல் வந்த சுனாமி எதிர்வகைச் சிக்கலைக் காட்டியது. 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் நிறுவனங்கள் வந்து குவிந்தன. மாவட்ட நிர்வாகத்துக்குத் துணையாக, 'சினேகா' அமைப்பும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் முன்னின்று தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை அமைத்தன. எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்ற தகவலைத் திரட்டுவது அதன் முதன்மைப் பணிகளில் ஒன்று.

ஐ.நா. நிவாரண ஒருங்கிணைப்பாளர் யான் எகலாந்து கேட்டுக்கொண்டபடி 2005-இல் வெளியான ஆய்வு, நீரும் சுகாதாரமும் பொறுப்பாளர் தெளிவில்லாத துறைகளுள் அடங்கும் என்று காட்டியது. அதன்பின் ஒவ்வொரு துறைக்கும் ஒரு தலைமை நிறுவனம் என்ற 'கிளஸ்டர்' முறை வந்தது. வாஷ் துறை யுனிசெஃபிடம் ஒப்படைக்கப்பட்டது. 2005 அக்டோபரில் பாகிஸ்தானைத் தாக்கிய நிலநடுக்கத்தில் இம்முறை முதன்முதலாகச் செயலுக்கு வந்தது.

இம்முறையின் மையக் கருவி ஓர் அட்டவணை: யார், என்ன, எங்கே. அதில் காலியாக இருக்கும் கட்டம்தான் ஒருங்கிணைப்பாளரின் வேலை. அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு நிறுவனத்தைத் தேட வேண்டும். யாரும் முன்வராவிட்டால், நிதியும் வழியும் இருக்கும்வரை, தலைமை நிறுவனமே இறங்கிச் செய்ய வேண்டும். எல்லை தாண்டி வந்த அகதிகள் விஷயத்தில் மட்டும் இந்தத் தலைமை ஐ.நா. அகதிகள் ஆணையத்தைச் சேரும்.

அட்டவணை எல்லாவற்றையும் காட்டிவிடாது. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பின் ஹெய்தியில் வாஷ் கிளஸ்டர் இயங்கியது. கவனம் தலைநகர முகாம்களில் இருந்தது. அக்டோபரில் காலரா வெடித்ததோ தொலைவிலிருந்த ஆர்ட்டிபோனிட் ஆற்றுப் படுகையில். ஐ.நா. அமைதிப்படை முகாமிலிருந்து கழிவு ஆற்றில் கலந்ததே மூலம் என்று ஆய்வுகள் காட்டின. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். 2016-இல் ஐ.நா. தலைமைச் செயலாளர் பான் கி மூன் ஹெய்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

2017 ஆகஸ்டில் மியான்மரிலிருந்து ரோகிங்கியா மக்கள் வங்கதேசத்துக்கு வரத் தொடங்கினர்; சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் காக்ஸ் பஜார் மாவட்டத்தில் சேர்ந்தனர். அவசரத்தில் வெட்டிய ஆழமற்ற கழிப்பறைக் குழிகள் பல, அடிபம்புகளுக்கு மிக அருகில் இருந்தன. சில வாரங்களில் நிரம்பி வழிந்தன. பலவற்றை மூடிவிட்டு வேறிடத்தில் கட்ட நேர்ந்தது. பெருந்திரளாகக் காலராத் தடுப்பு மருந்து புகட்டப்பட்டது. ஆழ்குழாய்க் கிணறுகளும் வந்தன. குழிகளிலிருந்து அள்ளிய கழிவை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்கு விடையாக, 1,50,000 பேரின் மலக்கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று ஆக்ஸ்ஃபாம் முயற்சியில் அங்கே எழுந்தது. அது இயங்கத் தொடங்கியபோது, மக்கள் வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.