அறுவை சிகிச்சையில் கூடுதல் ஆக்சிஜன்

அறுவை சிகிச்சையின்போதும் அது முடிந்த முதல் சில மணி நேரத்திலும் நோயாளி சுவாசிக்கும் வாயுவில் ஆக்சிஜன் அளவை ஏறத்தாழ 80 சதவீதமாக உயர்த்தி, வெட்டுக்காயத்தில் சீழ் பிடிப்பதைத் தடுக்க முயலும் முறை. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அறுவை அரங்கில் வழக்கமாகக் கொடுத்து வந்தது 30 சதவீதத்தை ஒட்டிய அளவு. 1980களில் விலங்குச் சோதனைகளில் வேர்விட்ட இந்த முறை 2000இல் பெரும் நம்பிக்கையைப் பெற்று, 2009க்குப் பின் கேள்விக்கு உள்ளானது. காயத்தை வெளியிலிருந்து காக்கும் பஞ்சும் பேண்டேஜ் துணியும் உற்பத்தியாகும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் மருத்துவமனைகளுக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பது இறுதிப் பகுதியில் விளக்கப்படுகிறது.

வெளிக்காப்பு

கிளாஸ்கோவில் பணியாற்றிய ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு காயங்களைக் காத்த முடிவுகளை 1867இல் வெளியிட்டார். அதற்கு முன் அறுத்த இடம் சீழ் கட்டுவது இயல்பு என்றே பல மருத்துவர்கள் எண்ணியிருந்தார்கள். 1880இல் பர்மிங்காம் அறுவை மருத்துவர் சாம்ப்சன் கேம்ஜி, உறிஞ்சும் பஞ்சை இரண்டு காஸ் துணிகளுக்கு நடுவே வைத்துக் கட்டும் முறையைக் கொண்டுவந்தார்.

பருத்தி அப்படியே இதற்கு உதவாது. அதில் இயற்கையாக மெழுகுப் பசை இருப்பதால் தண்ணீரில் போட்டால் மிதக்கும். காரத்தில் வேகவைத்து, வெளுத்து, நன்றாக அலசிய பிறகே அது ஈரத்தை உறிஞ்சும். நீரில் போட்ட மருத்துவப் பஞ்சு 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது மருந்துத் தர நூல்கள் வைத்திருக்கும் சோதனை.

ராஜபாளையத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸ் நூற்பாலையைத் தொடங்கினார். 1939இல் அங்கே ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் நிறுவப்பட்டது. அருகிலுள்ள சத்திரப்பட்டியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி நெய்வது முக்கியத் தொழில். பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியைப் போக்கி வெளுத்து, வெட்டி, சுருட்டி, பொட்டலமாக்கிப் பல மாநிலங்களுக்கு அனுப்புகிறார்கள். இவையெல்லாம் கிருமி உள்ளே போகாமல் தடுப்பவை, கசிவை உறிஞ்சுபவை. உள்ளே போய்விட்ட கிருமியைக் கொல்வது உடம்பின் வேலை. உடம்பின் அந்த வேலைக்குத் துணைசெய்யவே ஆக்சிஜன் ஆராய்ச்சி தொடங்கியது.

செயல்படும் விதம்

தோலைக் கீறும்போது நுண்ணிய ரத்தக் குழாய்களும் அறுபடுகின்றன. காயத்தின் ஓரத்தில் ஆக்சிஜன் வரத்து குறைகிறது. அங்கு வந்து சேரும் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்கி, ஆக்சிஜனைச் சூப்பராக்சைடாக மாற்றி அந்தக் கிருமியைக் கொல்கின்றன. இந்த மாற்றத்தைச் செய்யும் நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்குச் சீழ்க்கட்டிகள் திரும்பத் திரும்ப வருவது, ஆக்சிஜனின் பங்குக்குத் தெளிவான சான்று. காயம் ஆறத் தேவையான கொலாஜன் புரதம் உருவாகவும் ஆக்சிஜன் வேண்டும்.

ஆரோக்கியமான ஒருவரின் ஹீமோகுளோபின் சாதாரணக் காற்றிலேயே ஏறத்தாழ நிரம்பிவிடுகிறது. ஆகவே 80 சதவீதம் கொடுத்தால் ரத்தம் சுமக்கும் மொத்த ஆக்சிஜன் கொஞ்சமே கூடும். ஆனால் ரத்தத் திரவத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் பல மடங்கு உயர்கிறது. குழாயிலிருந்து விலகி நிற்கும் திசுவுக்கு ஆக்சிஜனைத் தள்ளுவது அந்த அழுத்தமே.

குளிர், வலி, நீர்ச்சத்துக் குறைவு ஆகிய மூன்றும் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அப்போது எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் அது காயத்தைப் போதிய அளவு சென்றடையாது.

ஆராய்ச்சி வரலாறு

பாஸ்டன் மருத்துவர் ஜான் பர்க் 1961இல் சீமைப்பெருச்சாளிகளில் நடத்திய சோதனை, கிருமி புகுந்த முதல் மூன்று மணி நேரத்துக்குள்தான் ஆன்டிபயாடிக் பெரிதும் பயன்படுகிறது என்று காட்டியது. கிருமிக்கும் உடம்புக்கும் நடக்கும் போரின் முடிவு அறுவை அரங்கிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிறது என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. சான்பிரான்சிஸ்கோவில் தாமஸ் ஹன்ட் குழுவினர் காயத்தின் ஆக்சிஜன் அளவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். அக்குழுவைச் சேர்ந்த டேவிட் நைட்டன் 1984இல் வெளியிட்ட சோதனையில், அதிக ஆக்சிஜனைச் சுவாசித்த விலங்குகளில் தொற்று குறைந்தது. 1997இல் அதே குழுவின் ஹாரியட் ஹாப், அறுவை நோயாளிகளின் திசு ஆக்சிஜன் குறைவாக இருந்தால் தொற்று அதிகம் என்பதை அளந்து காட்டினார்.

அதற்கு ஓராண்டு முன்பே, 1996இல், மயக்கவியல் மருத்துவர்கள் ஆன்ட்ரியா குர்ஸும் டேனியல் செஸ்லரும் 200 பெருங்குடல் அறுவை நோயாளிகளிடம் குளிரின் விளைவை ஆராய்ந்த முடிவை வெளியிட்டனர். உடல்வெப்பம் குறையவிடப்பட்டவர்களில் 19 சதவீதத்தினருக்கும், வெதுவெதுப்பாக வைக்கப்பட்டவர்களில் 6 சதவீதத்தினருக்கும் காயத்தில் தொற்று வந்தது.

ராபர்ட் கிரைஃப் தலைமையில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் 500 பெருங்குடல் அறுவை நோயாளிகளிடம் நடந்து 2000இல் வெளியான ஆய்வு திருப்புமுனையானது. 30 சதவீத ஆக்சிஜன் பெற்றவர்களில் 11.2 சதவீதத்தினருக்கும், 80 சதவீதம் பெற்றவர்களில் 5.2 சதவீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டது. விலை மலிந்த ஒரு வாயு தொற்றைப் பாதியாக்கும் என்ற செய்தி உலகெங்கும் பரவியது.

அடுத்து வந்த முடிவுகள் ஒத்துப்போகவில்லை. நியூயார்க்கில் 165 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில் 80 சதவீதக் குழுவில்தான் தொற்று அதிகம்: 25 சதவீதம், குறைந்த ஆக்சிஜன் பெற்ற குழுவில் 11.3. ஸ்பெயினில் 300 பேரிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வு மறுபடியும் ஆக்சிஜனுக்கு ஆதரவாக அமைந்தது: 80 சதவீதக் குழுவில் 14.9, மற்றதில் 24.4. டென்மார்க்கின் 14 மருத்துவமனைகளில் 1,400 பேரைக் கொண்டு நடந்து 2009இல் வெளியான 'புராக்ஸி' ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை: 80 சதவீதக் குழுவில் 19.1, மற்றதில் 20.1. அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான கட்டுரை, 80 சதவீதக் குழுவில், குறிப்பாகப் புற்றுநோயாளிகளில், பிற்கால இறப்பு கூடுதலாக இருந்ததைச் சுட்டியது. எல்லா ஆய்வுகளும் இந்த இறப்பு வேறுபாட்டை உறுதிசெய்யவில்லை. கிளீவ்லாந்து கிளினிக் 5,749 பெருங்குடல் அறுவைகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்சிஜன் அளவை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த முடிவை 2018இல் வெளியிட்டது. தொற்று உள்ளிட்ட சிக்கல்கள் 10.8, 11.0 சதவீதம் என ஏறத்தாழ சமமாகவே இருந்தன. சிறிய ஆய்வுகளில் பளிச்சென்று தெரிந்த பலன் பெரிய ஆய்வுகளில் கரைந்துபோனது.

பரிந்துரைகள்

உலக சுகாதார நிறுவனம் 2016இல், மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாயில் டியூப் போடப்பட்ட பெரியவர்களுக்கு அறுவையின்போதும் முடிந்தபின் 2 முதல் 6 மணி நேரம் வரையும் 80 சதவீத ஆக்சிஜன் தர வேண்டும் என்று உறுதியாகப் பரிந்துரைத்தது. மயக்கவியல் நிபுணர்கள் பலர் இதை மறுத்து எழுதினர். சான்றுகளை மீண்டும் சலித்துப் பார்த்த நிறுவனம், 2018இல் அதை நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரையாகத் தளர்த்தியது.

எதிர்ப்புக்குக் காரணங்கள் இருந்தன. நைட்ரஜன் குறைந்த காற்றறைகள் சுருங்கி நுரையீரலின் சில பகுதிகள் மடியலாம். ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் மின்கத்தியின் பொறி தீயை மூட்டலாம். செலவு பெரிய தடையல்ல: மூன்று பங்கு ஆக்சிஜனும் ஒரு பங்கு காற்றும் கலந்தால் 80 சதவீதம் வந்துவிடும். நிமிடத்துக்கு 3 லிட்டர் வீதம் மூன்று மணி நேரத்துக்கு 540 லிட்டர். ஒரு பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். ஆனால் ஆக்சிஜனோடு காற்றைக் கலக்க அழுத்தக் காற்று இணைப்பு வேண்டும். அது இல்லாத அரங்குகளில் பாயில்ஸ் மெஷின் என்னும் மயக்கவாயு இயந்திரத்தில் ஆக்சிஜனோடு நைட்ரஸ் ஆக்சைடையே கலந்து வந்தனர்.

தமிழ்நாட்டுச் சூழல்

2021 கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் தட்டுப்பாடு உயிர்ப்பிரச்சினையானது. மூடப்பட்டிருந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையில் ஆக்சிஜன் மட்டும் தயாரிக்க உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 27 அன்று அனுமதித்தது. காற்றிலுள்ள நைட்ரஜனை ஜியோலைட் துகள்களில் பிடித்து நிறுத்தி, ஏறத்தாழ 93 சதவீத ஆக்சிஜனைத் தரும் இயந்திரங்கள் அரசு மருத்துவமனைகளில் பரவலாக நிறுவப்பட்டன. ஆனால் ஆக்சிஜன் கிடைப்பது வேறு, இந்த முறை பொருந்துவது வேறு.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பவை பெரும்பாலும் சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு, குடலிறக்கம் போன்ற அறுவைகள். சிசேரியனுக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள், டியூப் போடுவதில்லை. 2018இல் தளர்த்தப்பட்ட பரிந்துரைகூட டியூப் போட்டவர்களுக்கு மட்டுமே. சிசேரியனில் கூடுதல் ஆக்சிஜனை 585 பெண்களிடம் சோதித்து 2011இல் வெளியான அமெரிக்க ஆய்விலும், 831 பெண்களிடம் சோதித்து 2013இல் வெளியான ஆய்விலும் தொற்று குறையவில்லை. இவ்வட்டாரத்தின் பெரும்பாலான அறுவைகளுக்கு இந்த முறை பொருந்தாது என்பதே இதன் பொருள்.

தொற்றுத் தடுப்பில் இன்று ஐயமின்றி நிற்பவை வேறு: கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக், சவரம் தவிர்த்தல், ஆல்கஹால் கலந்த கிருமிநாசினி, நோயாளியின் உடல்வெப்பம் குறையாமல் பார்த்தல், சர்க்கரைக் கட்டுப்பாடு, கைச்சுத்தம், தொற்றுநீக்கிய கட்டுத்துணி. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாமல் காப்பது எந்த அறுவையிலும் கட்டாயம். தேவைக்கு மேல் 80 சதவீதம் கொடுப்பது நோயாளியின் நுரையீரல், அறுவையின் வகை, தீ அபாயம் ஆகியவற்றைப் பார்த்து மயக்கவியல் மருத்துவர் எடுக்கும் முடிவாகவே உள்ளது.