அமெரிக்காவுல போர்... திருநெல்வேலி பருத்திக்கு எகிறிய விலை! - கரிசல் மண்ணைத் தொட்ட அமெரிக்க வரலாறு

திருவேங்கடம், சங்கரன்கோவில், கோவில்பட்டி... இந்தப் பக்கத்துக் கரிசல் காட்டுக்கும் ஆபிரகாம் லிங்கனுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? இருக்கு. அந்தச் சம்பந்தத்துக்குப் பேர், பருத்தி!

1607: காலனி காலம்

வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர்கள் 1607-ல் குடியேறினாங்க. 1619-ல் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக அங்கே கொண்டுவரப்பட்டாங்க. 1776-ல், 'எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்று சொல்லி அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தது. ஆனால், அடிமை முறை அப்படியே தொடர்ந்தது.

1793: ஒரு மெஷின் செய்த வேலை

பஞ்சையும் கொட்டையையும் வேகமாகப் பிரிக்கும் ஜின்னிங் மெஷினை எலி விட்னி உருவாக்கினார். வேலை குறையணும்தானே? நடந்தது தலைகீழ். பருத்தியில் லாபம் கொட்டியதால் தென் மாநிலங்களில் தோட்டங்கள் பெருகின. 1860-ல் அங்கே அடிமைகளாக இருந்தவர்கள் சுமார் 40 லட்சம் பேர். இங்கிலாந்து மில்களுக்குத் தேவையான பஞ்சில் முக்கால்வாசி அமெரிக்காவிலிருந்துதான் போனது.

ஒரே நாட்டை நம்பியிருப்பது ஆபத்துன்னு கிழக்கிந்திய கம்பெனிக்கும் தெரியும். அதனால்தான் 1840-லேயே அமெரிக்கப் பருத்தி விவசாயிகள் 10 பேரை இந்தியாவுக்கு வரவழைத்தது. கோயம்புத்தூர் பக்கம் ராபர்ட் வைட் தலைமையில் சோதனைப் பண்ணைகள் நடந்தன. எதிர்பார்த்த பலன் கிடைக்கலை.

1861: உள்நாட்டுப் போர்

அடிமை முறையை விட மறுத்த தென் மாநிலங்கள் பிரிந்துபோக, போர் வெடித்தது. லிங்கனின் கடற்படை தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டது. பஞ்சு இல்லாமல் லங்காஷயர் மில்கள் முடங்கின. லிவர்பூல் சந்தையில் பஞ்சு விலை மூன்று மடங்குக்கும் மேல் எகிறியது.

வியாபாரிகளின் பார்வை இந்தியா பக்கம் திரும்பியது. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்திக்கு ஏக கிராக்கி! அப்போ தூத்துக்குடிக்கு ரயில் கிடையாது, மாட்டு வண்டிதான். சூயஸ் கால்வாயும் திறக்கலை. கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுத்திக்கிட்டுப் போகணும்.

1865-ல் போர் முடிந்தது. அதே ஆண்டு அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அமெரிக்கப் பஞ்சு மறுபடி சந்தைக்கு வர, இங்கே விலை சரிந்தது. அங்கே 40 லட்சம் பேருக்கு விடுதலை தந்த அதே ஆண்டு, இங்கே பருத்தியை நம்பியிருந்தவர்களுக்கு அடி. விலையை ஏத்தினதும் இறக்கினதும் கரிசல்காரர்கள் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு போர்!

அதுக்கப்புறம்?

விடுதலை கிடைத்தாலும் சமத்துவம் உடனே வந்துடலை. மார்ட்டின் லூதர் கிங் போன்றவர்களின் போராட்டத்துக்குப் பிறகு, 1964-ல் சிவில் உரிமைகள் சட்டமும் 1965-ல் வாக்குரிமைச் சட்டமும் வந்தன.

நம்ம பக்கம், 1901-ல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்த 'கம்போடியா' பருத்தியும் பூர்வீகத்தில் அமெரிக்க ரகம்தான்!

இன்னைக்கும் பருத்தி ஏற்றுமதியில் முன்னணி நாடுகளில் ஒன்று அமெரிக்கா. உலகச் சந்தை விலைக்கு அளவுகோலாகப் பார்க்கப்படுவது நியூயார்க் சந்தை. அதனால், உங்க ஊர்ல பருத்தி விலை திடீர்னு இறங்கினா, உள்ளூர் மழையை மட்டும் பார்க்காதீங்க. மொபைல்ல உலகச் செய்தியையும் ஒரு எட்டு பார்த்துடுங்க!