ஹாலேயில் வாசித்த பாகூர்

பாகூர் மூலநாதர் கோயிலைச் சுற்றும்போது கீழே அதிட்டானத்தைப் பார்த்தால் கல் முழுக்க எழுத்து. சோழர் காலத்துக் கல்வெட்டுகள். பல வருஷம் பார்க்காமலே சுற்றியிருக்கிறேன். ஒருநாள் அந்த எழுத்தைப் பற்றித் தேட ஆரம்பித்து, ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் போய் நின்றேன்.

ஹாலேவுக்குத் தமிழ் புதுசில்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அங்கே படித்தவர். நான் தேடிப்போனது இன்னொருவரை: ஹூல்ட்ஷ். 1886-ல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்தார். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890-ல் அவர் பதிப்பாக வெளிவந்தது. காஞ்சி கைலாசநாதர் கோயிலை எழுப்பியவன் பல்லவன் ராஜசிம்மன் என்பதை, அந்தச் சுவர் எழுத்துகளே அதில் சொல்கின்றன. ஒரு கோயிலின் வயதைத் தலபுராணத்தைக் கேட்காமல் கோயிலையே கேட்கலாம் என்று ஆனது இப்படித்தான்.

1903-ல் அவர் ஹாலே பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். பாகூர் அங்கேயும் அவரைத் தேடிப்போனது. 1879-ல் பாகூரில் கிடைத்த பல்லவச் செப்பேடுகளைப் பிற்காலத்தில் பதிப்பித்தவர் அவர்தான். நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டு, 9-ஆம் நூற்றாண்டு. சமஸ்கிருதமும் தமிழும் கலந்த சாசனம். பாகூரில் இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்விக் கூடத்துக்கு, சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூன்று ஊர்களைக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. மூன்று ஊர் வருமானம் சாப்பிட்ட கல்லூரி! அதில் ஒரு செங்கல்கூட இன்று நம் கண்ணில் படவில்லை. செப்பேடும் இங்கே இல்லை, பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டது.

கோயில் நிற்கிறது, கல்லூரி நிற்கவில்லை. ஆனாலும் கல்லூரி இருந்தது என்று நமக்குத் தெரிகிறதே, அது எழுத்தால்தான். அந்த எழுத்தை வாசித்தவர் எங்கேயோ உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குக் கொஞ்சம் வெட்கம். கோபம் இல்லை. அவர் கற்றுக்கொண்டார், நான் கற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். என் வேலையில் பழைய கோட் வாசிக்கத் தெரியாதவனை யாரும் நம்ப மாட்டார்கள். சொந்தக் கோயில் சுவரை மட்டும் வாசிக்காமலே சுற்றிவருகிறோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சுவர் முன்னால் உட்கார்கிறேன். கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எது க, எது க் என்பதை வாசிப்பவர்தான் தீர்மானிக்கணும். போன வாரம் ஒரு வரியில் பாதி வரை வந்தேன்.