இரைப்பைப் புற்றுநோயில் இரண்டாம் அடி

நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பமொன்றில் தலைமுறைதோறும் இளையோரையும் மாய்த்துவந்த இரைப்பைப் புற்றுநோய்க்கு, செல்களைப் பிணைக்கும் இ-கேதெரின் புரதத்தின் மரபணுப் பிழையே காரணம் என்பதைப் பாரி கில்ஃபோர்டு குழுவினர் 1998இல் நிறுவினர். ஆயின் மரபுவழி வந்த பிழை ஒரு பிரதியையே கெடுக்கும். கட்டியடக்கும் மரபணுவின் இரு பிரதிகளும் செயலிழந்தாலன்றிப் புற்று தோன்றாது என்பது, விழித்திரைப் புற்றை ஆராய்ந்து ஆல்ஃபிரட் நட்சன் 1971இல் முன்வைத்த கருதுகோள். எஞ்சிய பிரதியை வீழ்த்தியது எது?

2000இல் வெளிவந்த விடை, முதற்கண்டுபிடிப்பினும் விந்தையானது. சில கட்டிகளில் அப்பிரதியின் எழுத்துவரிசை சிதையவில்லை. அதன் இயக்கப் பகுதியில் மெத்தில் தொகுதிகள் ஏறி மரபணுவை ஊமையாக்கியிருந்தன. பிணைப்பிழந்த செல்கள் ஓரிடத்தில் திரளாது, தனித்தனியே இரைப்பைச் சுவருக்குள் பரவுகின்றன. உள்நோக்கிச் சோதனையும் அவற்றைத் தவறவிடுவதுண்டு. பிழையைச் சுமப்போர் பலர் நோய் வெளிப்படுமுன்பே இரைப்பையை முழுமையாக அகற்றிக்கொள்வது இதனாலேயே.