ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு 'ஹார்மோன் ஸ்பிரே' உதவுமா? வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

புதுச்சேரி ரெட்டியார்பாளையமோ, வேறு எந்த ஊரோ, ஆட்டிசம் உள்ள பிள்ளை 18 வயதைத் தாண்டிவிட்டால் பெற்றோருக்கு ஒரே கவலைதான்: 'நமக்குப் பிறகு இவன் எப்படிப் பிழைப்பான்?' அந்த நேரத்தில் 'மூக்கில் அடிக்கும் ஆக்சிடோசின் ஸ்பிரே' பற்றிய தகவல் செல்போனில் வந்தால் ஆசை வரத்தான் செய்யும். நம்பலாமா?

ஆக்சிடோசின் என்றால் என்ன?

மூளையில் உருவாகும் ஹார்மோன் இது. பிரசவ வலியைத் தூண்டவும், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தவும் ஊசியாகப் போடப்படுகிறது. கறவை மாடுகளுக்குத் தவறாகப் போடப்படும் 'பால் ஊசி'யும் இதேதான். தாய்-சேய் பிணைப்பில் இதற்குப் பங்கு உண்டு என்பதால், ஆட்டிசத்துக்கு உதவுமா என்று ஆராயத் தொடங்கினார்கள்.

பயிற்சியோடு ஏன் சேர்க்கிறார்கள்?

ஹார்மோன் யாருக்கும் பேசவோ பழகவோ கற்றுத்தராது. எதிரில் இருப்பவரைக் கவனிக்கும் ஆர்வத்தை அது கூட்டினால், அப்போது தரும் பயிற்சி நல்லாப் பதியலாம் என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் கணக்கு.

ஆய்வுகள் சொல்வது என்ன?

ஜப்பானில் ஆட்டிசம் உள்ள 106 ஆண்களுக்கு 6 வாரம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. மற்றவர்களோடு பழகும் திறனில், மருந்தில்லாத ஸ்பிரே எடுத்தவர்களைவிடத் தெளிவான முன்னேற்றம் இல்லை. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது மட்டும் ஓரளவு குறைந்தது. அமெரிக்காவில் 3 முதல் 17 வயது வரையிலான 290 பேரிடம் 24 வாரம் நடந்த ஆய்வும் (2021) ஏமாற்றமே தந்தது.

இவை ஸ்பிரேயைச் சோதித்த ஆய்வுகள். பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் பெரியவர்களுக்குப் பலன் உண்டு என்பது இன்னும் நிரூபணமாகவில்லை.

நாமே வாங்கிக் கொடுக்கலாமா?

கூடாது. ஆக்சிடோசின் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஊசியாக அளவுக்கு மீறிப் போனால் உடலில் நீர் தங்கி, ரத்தத்தில் சோடியம் குறையும் ஆபத்து உண்டு.

அப்போ என்னதான் செய்வது?

பயிற்சியைக் கைவிடாதீங்க. பஸ்ஸில் தனியாகப் போவது, கடையில் காசு கணக்குப் பார்ப்பது, வேலை நேர்காணலில் பேசுவது எல்லாமே பெரியவர்களாலும் கற்க முடிந்தவை. அமெரிக்காவில் உருவான 'பியர்ஸ்' திட்டத்தில், இளைஞர்களுக்கு 16 வாரம் பழகும் முறையைக் கற்றுத்தருகிறார்கள். வீட்டில் உள்ளவர்களும் கூடவே பங்கேற்கிறார்கள். பதற்றம் அதிகம் இருந்தால் அதற்குத் தனியாக மனநல ஆலோசனை உண்டு.

புதுச்சேரியில் இருப்பவர்கள் ஜிப்மர் மனநலப் பிரிவை அணுகலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை மருத்துவச் செலவுக்கு உதவி பெறலாம். தெரபி செலவும் அதில் அடங்கும்.

ஸ்பிரேக்கு எடுத்து வைத்த பணம் இருந்தால், அதைப் பயிற்சிக்குச் செலவிடுவதே இப்போதைக்கு நல்லது.